இனிமே சங்குதான்

குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் அறையின் கதவைப் பாதி திறந்து, நர்ஸ் ஆனிமேரி தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"சுஃபியா பேபியோட அப்பா யாரு?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த முகமது யாசீன் எழுந்த வேகத்தில் மடியில் இருந்த தூக்குவாளி கீழே விழுந்து, மூடி தனியாக உருண்டு போனது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் கதவருகே போய் நின்றான்.

"டாக்டர் பாத்துட்டாங்க தம்பி. டியூபை எடுத்தாச்சு. இனிமே சங்குதான்."

உள்ளே ஏதோ ஒரு குழந்தை அழுதது. ஆனிமேரி திரும்பிப் பார்த்துவிட்டு, "வாங்கிட்டு வந்துருங்க" என்று சொல்லியபடியே போய்விட்டாள். அந்தக் கடைசி வார்த்தை யாசீன் காதில் விழவில்லை. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

யாசீன் தாய் தகப்பன் இல்லாமல் யத்தீம்கானா விடுதியில் வளர்ந்தவன். அங்கே ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை கிடையாது. கைக்குழந்தையை எப்படி வளர்ப்பார்கள் என்பதை அவன் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை. சங்கு என்றால் அவனுக்குத் தெரிந்தது, அவனியாபுரத்தில் அவன் குடியிருக்கும் தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போகும் ஊர்வலத்தில் ஊதுவது. அந்தச் சத்தம் கேட்டால் சுஃபியா எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். கப்பலூரில் அவன் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனியில் ஒரு மோட்டார் புகைந்து நின்றுவிட்டால், கூட வேலை பார்க்கும் பயல்கள், "இதுக்குச் சங்குதாண்ணே" என்று கையை விரிப்பார்கள். அந்த வார்த்தைக்கு இன்னொரு பொருள் இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

டியூபை எடுத்தாச்சு, இனிமே சங்குதான்.

மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் கீழ்த்தளத்துக்கு இறங்கினான். தாய்மார் வார்டில் சுஃபியா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஏழாம் மாதம் முடிந்தும் முடியாமலும் ரத்தக்கொதிப்பு ஏறி, வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்திருந்தார்கள். இரண்டு வாரமாக அவள் கீழே, குழந்தை மேலே. நடுவில் அந்தப் படிகளில் யாசீன்.

எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சுஃபி, டியூபை எடுத்துட்டாங்களாம்."

அவள் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள். "அல்ஹம்துலில்லாஹ்."

இவளுக்குப் புரியவில்லை என்று அவன் நினைத்தான். "இல்ல சுஃபி. அந்த நர்ஸம்மா..." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சங்குன்னு சொல்லிட்டாங்க."

"ஆமா, வாங்கணும்ல. மருந்துக் கடையில பிளாஸ்டிக்குல குடுப்பாங்க. அது வேணாம், எவர்சில்வரே வாங்குவோம்." அப்போதுதான் அவள் முகக்கவசத்துக்கு மேல் கலங்கியிருந்த அவன் கண்களைப் பார்த்தாள். "மச்சான், நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மெத்தை ஓரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. அடுத்த கட்டில் முத்துச்செல்வி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சுஃபியா அவன் தலைமுடிக்குள் கையை விட்டாள். "பச்சப்புள்ளைக்குப் பாலூட்டுற சங்கு மச்சான். மூக்கு வச்ச கிண்ணம் மாதிரி இருக்கும். பாத்ததே இல்லையா?"

"இல்ல."

"நம்ம பாப்பா முழுங்கக் கத்துக்கிட்டா. அதான் மூக்குல இருந்த டியூபை எடுத்திருக்காங்க. நல்ல சேதி சொல்லி அனுப்பினா, நீங்க..." மேலே சொல்ல முடியாமல் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளும் அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க அத்தா கடையில போய் வாங்கிட்டு வாங்க."

யாசீன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சுஃபியாவின் தகப்பனார் சிஹாபுதீனுக்குச் சிம்மக்கல்லில் பாத்திரக்கடை. எவர்சில்வர், பித்தளை, பிளாஸ்டிக் எல்லாம் மொத்த வியாபாரம். யாசீன் கம்பெனியில் செய்யும் வாளிகளும் டப்பாக்களும் அந்தக் கடைக்கும் போகும். லோடு ஆட்டோவோடு வந்து இறக்கிக் கொடுக்கும் வேலை சில நாட்கள் யாசீனுக்கு விழும். கல்லூரி முடிந்து சாயங்காலத்தில் கல்லாவில் உட்காரும் சுஃபியாவை அவன் அப்படித்தான் பார்த்தான். சிஹாபுதீன் மகளுக்கு மேலூரில் சொந்தத்துக்குள்ளேயே ஒரு வரன் பேசி வைத்திருந்தார். அவள் மாட்டேன், யாசீனைத்தான் கட்டுவேன் என்றாள். ஜமாத்தில் பெரியவர்கள் கூடிப் பேசியபோது, "அவ இஷ்டம், அவ செஞ்சுக்கட்டும். நான் அந்தப் பையன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்து போனார். நிக்காஹ் அவனியாபுரம் பள்ளிவாசலில் நடந்தது. அவர் வரவில்லை. சுஃபியாவின் அம்மா அஜ்மல் பீவி அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மௌத்தாகிப் போய்ச் சேர்ந்திருந்தாள். அதனால் அந்த வீட்டிலிருந்து வருவதற்கு வேறு ஆளும் இல்லை.

ஒன்றரை வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. குழந்தை உண்டானதையும் அவள் சொல்லி அனுப்பவில்லை. இப்போது சங்கு வாங்கப் போகச் சொல்கிறாள்.

"வெரட்டி விட்டுட்டா?" என்று கேட்டான் யாசீன்.

"வேற கடையில வாங்கிட்டு வாங்க" என்றாள்.

சிம்மக்கல்லில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோதுதான், ஆஸ்பத்திரியில் போட்ட முகக்கவசம் இன்னும் முகத்திலேயே இருப்பது அவனுக்குத் தெரிந்தது. கடையில் கூட்டமில்லை. சிஹாபுதீன் முக்காலியில் உட்கார்ந்து ஒரு பித்தளைக் குத்துவிளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தாடியில் இப்போது நரை கூடியிருந்தது. படியேறி உள்ளே போன யாசீன், மரியாதைக்காக முகக்கவசத்தை எடுக்கக் கையைக் கொண்டுபோனான்.

"அது கெடக்கட்டும் தம்பி. கழட்டாதீங்க" என்றார் அவர், விளக்கைப் பார்த்தபடியே. "இன்னிக்குப் பழைய சரக்கை எறக்கியிருக்கேன். கடையெல்லாம் தூசி. என்ன வேணும்?"

"சங்கு ஒண்ணு வேணும்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஊதுறதா, ஊட்டுறதா?"

"ஊட்டுறது."

அவர் விளக்கை மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினார். சங்குகள் இருந்த அட்டைப்பெட்டி அவர் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. ஆனாலும் அவர் வெகுநேரம் தேடினார்.

"புள்ளைக்கு எம்புட்டு மாசம்?"

"மாசம் ஆகல. ஏழாம் மாசத்துலயே பொறந்துருச்சு. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"தாயி?"

"எந்திரிச்சு நடக்குது. ஆபரேசன் பண்ண எடம்தான் வலிக்குதாம்."

"சாப்பிடுதா?"

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு எறங்கலங்குது."

"வேற என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

"கேக்காது. அந்த மாதிரிப் புள்ளைக வாயைத் திறந்து கேக்காதுக. நாமதான் பாத்துச் செய்யணும்." சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நின்று, "பொதுவாச் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

பெட்டியிலிருந்து ஒவ்வொரு சங்காக எடுத்து, அதன் மூக்கைத் தன் கீழுதட்டில் வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தார். பிசிறு தட்டியதையெல்லாம் ஒதுக்கினார். கையகலம்கூட இல்லாத சின்னக் கிண்ணம், ஒரு பக்கம் மட்டும் குருவி அலகு மாதிரி நீண்டிருந்தது. யாசீன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சங்கோடு அதற்கு என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"இதுக்கு ஏன் சங்குன்னு பேரு?"

அவர் முக்காலியில் மறுபடி உட்கார்ந்தார். இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது தெரிந்தது.

"முன்னாடியெல்லாம் நெசமான சங்குலதான் ஊட்டுவாங்க தம்பி. கடல்ல எடுக்குறது, சின்னச் சங்கு. வயித்தைத் தொறந்து உள்ள சுத்தம் பண்ணி, தேய்ச்சு வழவழன்னு வச்சிருப்பாங்க. அதுக்கே இயற்கையா மூக்கு இருக்கும்ல, அதுவழியாப் பால் சொட்டும். அப்புறம் வெள்ளி வந்துச்சு, பித்தளை வந்துச்சு, இப்ப எவர்சில்வர். சாமான் மாறிப்போச்சு, பேரை யாரும் மாத்தல. கடலையே பாக்காத சனங்களும் சங்குன்னுதான் கேட்டு வாங்குது. கீழக்கரைப் பக்கம் நெசச் சங்கே இன்னும் சில வீட்டுல வச்சிருப்பாங்க. என் மகளுக்கு..."

அங்கே பேச்சு நின்றுபோனது. தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது போய் முடியும்வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

அவர் சங்கைச் செய்தித்தாளில் சுற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, தாளைப் பிரித்து எறிந்துவிட்டு, அலமாரிக்குள்ளிருந்து புதுத் துணி ஒன்றை எடுத்து அதில் சுற்றினார். காசை வாங்கிக் கல்லாவில் போட்டார்.

"சேரலன்னா கொண்டாந்து குடுங்க தம்பி. மாத்தித் தாரேன்."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் யாசீனுக்கு ஒரே யோசனை. அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? சுஃபியா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவன் படியேறியதிலிருந்து சொன்னான்.

"இருங்க, இருங்க. மாஸ்க்கைக் கழட்டாதீங்கன்னாரா?"

"ஆமா. தூசியாம்."

"எங்க அத்தா கடையிலயா தூசி? ஒரு நாளைக்கு ரெண்டு தடவ துடைக்கிற ஆளு." அவள் குரல் மாறியது. "மாத்தித் தாரேன்னாரா?"

"ஆமா."

"கல்லாவுக்கு மேல ஒரு போர்டு தொங்குமே, பாக்கலயா? விற்ற சாமான் வாபஸ் இல்லைன்னு. எட்டாப்புப் படிக்கிறப்ப நான்தான் எழுதிக் குடுத்தேன். சொந்த மச்சினனே கேட்டும் அவரு ஒரு கரண்டியைக்கூட மாத்திக் குடுத்ததில்ல."

"அப்ப நான் யாருன்னு தெரிஞ்சுதானா?"

"படியேறும்போதே தெரிஞ்சிருக்கும். ஒங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சபையில சொன்னவரு. மாஸ்க்கு இருந்தா அந்தச் சொல்லும் போகாது, என்னைப் பத்தியும் கேட்டுக்கலாம்." அவள் துணியைப் பிரித்துச் சங்கை வெளியே எடுத்தாள். அதன் மூக்கை அவளும் உதட்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் ஆனிமேரி அவர்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டாள். கொதிக்கவைத்து ஆறிய சங்கில், சுஃபியா பீய்ச்சிக் கொடுத்த பால் அடிப்பாகத்தில் மட்டும் நின்றது. குழந்தை அவள் உள்ளங்கையில் தலையும் முழங்கையில் காலுமாக அடங்கிக் கிடந்தது. தலையில் போட்டிருந்த கம்பளிக் குல்லா கண்வரை இறங்கியிருந்தது.

"தலையைத் தூக்கிப் பிடிங்க. வாயோட ஓரத்துல வச்சு ஒரு சொட்டு விடுங்க. முழுங்கினப்புறம் அடுத்தது. அவசரமே கூடாது" என்றாள் ஆனிமேரி.

முதல் சொட்டு இறங்கியது. தொண்டை அசைந்ததை யாசீன் கண்ணால் பார்த்தான். இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது முறை சுஃபியாவின் விரல் நடுங்கி, பால் கொஞ்சம் கூடுதலாகச் சரிந்துவிட்டது. குழந்தைக்குப் புரையேறியது. இருமத் தெரியாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. உதட்டோரம் கறுத்தது. ஆனிமேரி சட்டென்று குழந்தையை வாங்கிக் கவிழ்த்து, இரண்டு விரலால் முதுகைத் தட்டினாள். அது அழும்வரை அந்த அறையில் யாரும் மூச்சுவிடவில்லை.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. மொதத் தடவ நெறையப் பேருக்கு இப்பிடித்தான்" என்றாள் ஆனிமேரி. "இந்தச் சங்குக்கு மூக்கு கொஞ்சம் அகலம். இவ வாயைப் பாருங்க, பட்டாணி அளவு. சின்னதாக் கெடச்சா வாங்கி வைங்க. இன்னிக்கு டியூபுலயே குடுத்துருவோம். நாளைக்கு நீங்களே ஊட்டுங்கம்மா."

சுஃபியா கீழே வந்து படுத்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. "நான் ஊட்ட மாட்டேன். என் கையால வேணாம்" என்று மட்டும் சொன்னாள். யாசீன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவன் சொன்னது எதுவும் அவளுக்குள் போகவில்லை.

மறுநாள் காலையில் அவன் சிம்மக்கல்லுக்குப் போனபோது, பக்கத்துக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. சிஹாபுதீன் மட்டும் வாசலைப் பெருக்கி முடித்து உள்ளே உட்கார்ந்திருந்தார். கல்லாவின்மேல் ஒரு பிளாஸ்கும் மூடிபோட்ட தூக்குவாளி ஒன்றும் இருந்தன. ஆட்டுக்கால் சூப்பின் மிளகு வாசம் படிவரைக்கும் வந்தது.

யாசீன் சங்கை எடுத்துவைத்தான். "மூக்கு சின்னதா வேணுமாம். பொரையேறிருச்சு. ஒதடெல்லாம் கறுத்துப்போச்சு."

அவர் கல்லா ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "இப்ப?"

"இப்ப நல்லாருக்கு. திரும்ப டியூபு போட்டுட்டாங்க."

"ஊட்டுனது யாரு?"

"சுஃபியா."

அந்தப் பெயரை அந்தக் கடைக்குள் யாரும் சொல்லி எவ்வளவு நாளாயிற்றோ. சிஹாபுதீன் பிளாஸ்கின் மூடியைத் திறந்து மறுபடியும் மூடினார்.

"ரொம்பப் பயந்துட்டா. இனிமே தொட மாட்டேன்னு படுத்திருக்கா. நான் சொன்னா ஏற மாட்டேங்குது மாமா." அந்தக் கடைசி வார்த்தை யாசீனை அறியாமல் வந்துவிட்டது. வந்தபிறகு அதைத் திருப்பி எடுக்க அவன் விரும்பவில்லை. "எம் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னீங்க. பரவால்ல, நான் இந்த மாஸ்க்கைக் கழட்டாமலே பின்னாடி வாரேன். நீங்க வந்து அவளை ஒரு தடவ பாருங்க, போதும்."

சிஹாபுதீன் கல்லாவைவிட்டு வெளியே வந்தார். அவனுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்றார். அவனைவிட ஒரு சாண் குட்டை. அண்ணாந்து அவன் கண்களைப் பார்த்தார்.

"கழட்டுங்க மாப்ள" என்றார். "போட்டிருக்கறது நீங்க, மூச்சு முட்டுறது எனக்கு."

யாசீன் கழற்றினான். இரண்டு நாள் சவரம் செய்யாத அந்த முகத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "தூங்குறதே இல்லையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பெட்டியைக் கவிழ்த்து, மூக்கு மிகவும் சிறுத்த எவர்சில்வர் சங்கைத் தேடி எடுத்தார். கல்லாவின் அடி இழுப்பறையைத் திறந்து வேறொரு பொட்டலத்தையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.

ஆட்டோவில் அவர் பிளாஸ்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வேகத்தடை வந்தபோதெல்லாம் தூக்குவாளியை யாசீன் பிடித்துக்கொண்டான். 

தாய்மார் வார்டுக்குள் ஆண்களை விடும் நேரம் இன்னும் வரவில்லை. யாசீன் சொல்லி அனுப்பியதும் சுஃபியா சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். தகப்பனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அவள் முகம் வீங்கியிருந்தது.

"எதுக்கு வந்தீங்க அத்தா?"

"மாத்தித் தாரேன்னு சொல்லியிருந்தேன். அதான் மாத்த வந்தேன்."

"போர்டுல அப்பிடி இல்லையே."

"எழுதுனவ நீதான. நீயே வந்து அழிச்சிட்டுப் போ."

அவள் சிரிக்கவில்லை. "நிக்காஹ் அன்னிக்குப் பள்ளிவாசல் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். கடைசி ஆளு போற வரைக்கும் பாத்தேன்."

"தெரியும்மா. எதுத்த டீக்கடையில நான் உக்காந்துதான் இருந்தேன். நீ வெளிய வந்து ஆட்டோவுல ஏறுன வரைக்கும் பாத்தேன். எந்திரிச்சு வரத்தான் கால் வரல." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தப்புத்தான் சுஃபியா."

அவள் மெதுவாக நடந்து வந்து அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிளாஸ்க் இருந்த கையை அவர் விலக்கிப் பிடித்தார். மற்றக் கை அவள் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தது. யாசீன் பிளாஸ்கை வாங்கிக்கொண்டு தள்ளிப்போய் நின்றான்.

அவள் சூப்பைக் குடித்து முடிக்கும்வரை அவர் குழந்தையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. குடித்தபிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சங்கு இருந்தது. உண்மையான கடல்சங்கு. பெரிய எலுமிச்சை அளவுதான் இருக்கும். வெளியே பாலேடு நிறம், உள்ளே லேசான ரோஜா நிறம். அதன் விளிம்பு கைபட்டுக் கைபட்டுக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

"ஒங்கம்மா கீழக்கரையில இருந்து வரும்போது கொண்டாந்தது. இதுலதான் நீ குடிச்ச. நீயும் எடை கம்மியாத்தான் பொறந்த. ஒனக்கும் பொரையேறுச்சு. ஒங்கம்மா இதைத் தூக்கி வச்சுட்டு, நான் தொட மாட்டேன், எனக்குப் பயமா இருக்குன்னு மூலையில போய் உக்காந்துக்கிட்டா."

"அப்புறம்?" என்றாள் சுஃபியா. அம்மாவைப் பற்றி இதை அவள் இப்போதுதான் கேட்கிறாள்.

"அப்புறம் என்ன, நீ பசியில கத்துன. எந்திரிச்சு வந்துட்டா. பயந்துக்கிட்டேதான் ஊட்டினா. நான் பயந்துக்கிட்டே பக்கத்துல இருந்தேன். பயம் போகட்டும்னு காத்திருந்தா ஒனக்கு வயிறு காஞ்சிருக்கும்மா. ஒனக்குப் பல் மொளைக்கிற வரைக்கும் அவளுக்குப் பயம் போகல."

சுஃபியா சங்கை வாங்கி, உள்பக்கத்தில் விரலை வைத்து மெல்லச் சுழற்றிப் பார்த்தாள்.

மேலே அறை வாசலில் ஆனிமேரி அந்தச் சங்கைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "அழகா இருக்குங்கய்யா. ஆனா இதுல ஊட்ட விட மாட்டேன்" என்றாள். "உள்ள வளைஞ்சு போகுது பாருங்க, அங்க பிரஷ் போகாது. பால் தங்கிப்போச்சுன்னா கிருமி வந்துரும். இந்தப் புள்ளை தாங்காது."

யாசீன் தன் மாமனாரைப் பார்த்தான். கோபப்படுவாரோ என்று பயந்தான். சிஹாபுதீன் சங்கைத் திரும்ப வாங்கி, வளைவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"சரிதாம்மா. கழுவ முடியாத சாமானை நானே விக்க மாட்டேன்" என்று சொல்லி, எவர்சில்வர் சங்கை எடுத்து நீட்டினார்.

சுஃபியாவும் யாசீனும் உள்ளே போனார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சுஃபியாவின் விரல்கள் இன்றும் நடுங்கின. ஆனிமேரி அவள் மணிக்கட்டைத் தன் கையால் கீழிருந்து தாங்கிக்கொண்டாள். ஒரு சொட்டு விட்டார்கள். தொண்டை அசைந்தது. காத்திருந்தார்கள். இன்னொரு சொட்டு. கொஞ்ச நேரத்தில் ஆனிமேரி தன் கையை எடுத்துக்கொண்டதைச் சுஃபியா கவனிக்கவே இல்லை. குழந்தையின் நாக்கு வெளியே வந்து, சங்கின் மூக்கைத் தேடியது. பாலின் கடைசித் துளிவரைக்கும் இறங்கியபிறகுதான் அவள் நிமிர்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

யாசீன் வெளியே ஓடிவந்தான். "எறங்கிருச்சு மாமா."

"எல்லாமா?"

"எல்லாம்."

சிஹாபுதீன் தலையை ஆட்டினார். பக்கத்தில் உட்காரும்படி பெஞ்சைத் தட்டிக் காட்டினார். யாசீன் உட்கார்ந்தான். சுவரில் தலையைச் சாய்த்தவன் அப்படியே தூங்கிப்போனான். அடுத்த வேளைப் பாலுக்கு ஆனிமேரி வந்து கூப்பிட்டபோது, தன் தலை மாமனார் தோளில் இருப்பதைக் கண்டு அவசரமாக எழுந்தான். அவர் தோளைத் தடவிவிட்டுக்கொண்டார். 

அதன்பிறகு குழந்தைக்கு எடை ஏறத் தொடங்கியது. சிஹாபுதீன் தினமும் காலையில் பிளாஸ்கோடு வந்தார். ஆட்டுக்கால் சூப், பூண்டுக் குழம்பு, கருவாடு என்று அவரே சமைத்து எடுத்துவந்தார். முத்துச்செல்விக்கும் சேர்த்தே கொண்டுவந்தார். ஒருநாள் ஆனிமேரி, பெட்டியில் வைக்கத் தேவையில்லை, இனி தாய்க்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லி, குழந்தையைக் கீழே தாய்மார் வார்டுக்குக் கொண்டுவந்து சுஃபியாவின் மார்பில் படுக்கவைத்தாள்.

ஆண்களை விடும் நேரம் வந்ததும் சிஹாபுதீன் உள்ளே வந்தார். பேத்தியை அன்றுதான் அவர் கண்ணாடி ஜன்னல் வழியாக இல்லாமல், கிட்டத்தில் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்தவர், தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"மாமா, இவ காதுல இன்னும் பாங்கு சொல்லல" என்றான் யாசீன். "பொறந்த அன்னிக்கே பெட்டியில வச்சுட்டாங்க. யாரையும் உள்ள விடல."

"தகப்பன் நீங்க இருக்கீங்க. நீங்க சொல்லுங்க மாப்ள."

"நீங்க சொல்லணும்னு சுஃபியா ஆசைப்படுறா. எனக்கும் ஆசைதான்."

சிஹாபுதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். குழந்தையை யாசீன் இரண்டு கையிலும் ஏந்திப் பிடிக்க, தொழுகை அழைப்பை ஓத வலது காதருகே குனிந்தார். முதல் சொல்லிலேயே குரல் உடைந்துவிட்டது. நிறுத்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். முத்துச்செல்வி செல்போனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அணைத்தாள். அவர் சத்தமாகச் சொல்லவில்லை. குழந்தைக்கும் அதை ஏந்தியிருந்தவனுக்கும் மட்டுமே கேட்டது. யாசீனின் காதில் அதை யாராவது சொல்லியிருப்பார்களா என்பது அவனுக்குத் தெரியாது. அவன் ஒவ்வொரு சொல்லையும் கேட்டபடி நின்றான். குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து, தாடியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

இடது காதிலும் சொல்லி முடித்து நிமிர்ந்த சிஹாபுதீன், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "பேரையும் சொல்லிக் கூப்பிடணும். என்ன பேரு?"

சுஃபியாவும் யாசீனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை பிழைக்குமா என்ற பயத்தில் அதை இருவரும் பேசியதே இல்லை. ஆனால் இருவர் மனதிலும் ஒரு பெயர் இருந்திருக்கிறது. ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் ஒன்று சொன்னாள், அவன் வேறொன்று சொன்னான்.

சிஹாபுதீன் கட்டிலுக்கடியில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேசி முடிங்க. அவசரமில்ல, கடைக்கு இன்னிக்கு லீவு விட்டுட்டேன்" என்றார்.